தூக்கம்: நாலரை மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்குபேட்டரைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. நேற்றுவரை சிவப்பாக இருந்த மீடியம் (செல்கள் வளரும் சத்துத் திரவம்) மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா. என் பிஎச்டிக்காக ஆறு வாரம் வளர்த்த செல்கள், பன்னிரண்டு பிளாஸ்க். ப்ளீச் ஊற்றி, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டினேன். அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

பல நாளாகத் தள்ளிப்போட்ட மனநல ஆலோசகரிடம் கடைசியில் போய்விட்டேன். பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கொடுத்தார். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27. எனக்கு 14. பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். இது நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு அல்ல, ஒரு முதல்கட்டச் சோதனைதான் என்றார். உயிரை விடும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 போட்டிருந்தேன். இருந்தாலும் வாயைத் திறந்து கேட்டார். கேட்டது நல்லதாகவே பட்டது.

அப்புறம், “எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” என்றார். தெரியவில்லை. செல்களுக்கு 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, எத்தனையாவது பாசேஜ் (புது பிளாஸ்க்குக்கு மாற்றுவது) என்பதுவரை சொல்லுவேன். என் தூக்கத்துக்குப் பதிவே இல்லை.

“லேப் நோட்டு மாதிரியே எழுதுங்க” என்றார். சரி.

மார்ச் 9, திங்கள்

தூக்கம்: மூன்று. சாப்பாடு: ஒரு வேளை. லேபுக்கு வெளியே பேசியது: யாருமில்லை.

மார்ச் 11, புதன்

தூக்கம்: நாலரை. மீதி நேரம் ஆய்வுக் கட்டுரை தேடினேன் (வியாதி!). 26 நாடுகளில் 2,279 பேரிடம் நடந்த ஒரு சர்வே, 2018இல் வந்தது. பெரும்பாலும் பிஎச்டி மாணவர்கள். 39 சதவீதத்தினருக்கு மிதமானது முதல் தீவிரம் வரையிலான மனச்சோர்வு. பொதுமக்களில் 6 சதவீதம். கஷ்டத்தில் இருப்பவர்தானே இப்படிப்பட்ட சர்வேக்குப் பதில் சொல்வார்? அதனால் இந்த எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன்.

2017இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 பிஎச்டி மாணவர்களிடம் எடுத்ததுதான் எனக்கு உறைத்தது. சுமார் மூன்றில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு வரும் அபாயம். அதோடு சேர்ந்து வந்தவை வேலைச்சுமை, தன் வேலையில் தனக்கிருக்கும் பிடி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான இழுபறி, கைடு (ஆய்வு வழிகாட்டி) நடத்தும் விதம். எங்கள் தாழ்வாரத்து நோட்டீஸ் மட்டும் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்கிறது. இழுத்து விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லேப் மீட்டிங்கை என்ன செய்வது?

மார்ச் 19, வியாழன்

கைடிடம் என் நிலைமையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துவிட்டு, “அப்போ அப்ஸ்ட்ராக்ட்?” என்றார். நான் எழுத வேண்டிய ஆய்வுச் சுருக்கம். எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் இரண்டு விஷயம் கேட்டேன்: இரவு ஒன்பதுக்குப் பிறகு மெசேஜ் வேண்டாம், வார இறுதியில் செல்களை முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் சரி என்றார்.

இரவு 10:40க்கு மெசேஜ். “அப்ஸ்ட்ராக்டை ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம்.” காலையில்தான் திறந்தேன்.

மார்ச் 23, திங்கள்

தூக்கம்: ஆறு. சாப்பாடு: மூன்று வேளை. பேசியது: தங்கையோடு நாற்பது நிமிடம், ஆராய்ச்சி பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். (மைக்கோபிளாஸ்மா என்று ஒருமுறை வந்துவிட்டது. செல்களைக் கெடுக்கும் பாக்டீரியா.)

மார்ச் 29, ஞாயிறு

வியாழனன்று மறுபடியும் அந்தத் தாள். 11. இரண்டு புள்ளியை வைத்துக் கிராஃப் போட முடியாது என்றேன். ஆலோசகர் சிரித்தார்.

மார்ச் 9 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. லேப் நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பென்றால் கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு. இது தப்பும் இல்லை. விட்டுவிட்டேன்.

இன்று செல்கள் ஜூனியர் முறை. “அக்கா, மீடியம் மாத்திட்டேன், எல்லாம் நல்லாருக்கு” என்று போட்டோ அனுப்பியிருந்தாள். நான் பார்த்தபோது மணி பதினொன்றரை.

தூக்கம்: எட்டு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு தடவை வரட்டும்.