உப்பூர்ப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு

"சேதுவுக்குப் போறவுக உப்பூருப் பிள்ளையாருகிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். வரும்போதும் சொல்லிட்டுத்தான் வரணும்." அப்பத்தா இதைச் சொல்லும்போது எனக்குப் பத்து வயதிருக்கும். ராமேஸ்வரம் என்ற பேரை அவர் சொல்லவே மாட்டார். அவருக்கு அது எப்போதும் சேதுதான். எங்கள் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் வண்டி கட்டிப் போனவர்கள் உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று வரிசையாக நின்று நின்றுதான் ராமேஸ்வரம் போயிருக்கிறார்கள். நானோ அதன்பிறகு ஏழெட்டு முறை ராமேஸ்வரம் போயும் ஒரு முறைகூட அந்த வரிசையில் போகவில்லை. நேரே போவது, இருபத்திரண்டு தீர்த்தம் ஆடுவது, ராத்திரியே திரும்புவது. அவ்வளவுதான்.

போன தை மாதக் கடைசியில், ஒரு சனி ஞாயிறு, கல்லூரி நண்பர்கள் நாலு பேர் அந்த வரிசையிலேயே போவது என்று முடிவு செய்தோம். கருப்பையாவின் கார். அழகப்பனும் நானும் உள்ளூர். செந்தில் மட்டும் சென்னையிலிருந்து வரவேண்டும். அவனைச் சேர்ந்து பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. 2021-இல் அவன் அப்பா தவறியபோது, கொரோனா நேரம், எங்களில் ஒருவராலும் போக முடியவில்லை. போனில் பேசினோம். அது பேச்சே இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவன் போன் செய்வது குறைந்தது. நாங்களும் கூசிக்கொண்டு விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை விடியற்காலையில் செந்திலிடமிருந்து போன். அவன் வந்த பேருந்து திருச்சி தாண்டி நின்றுவிட்டதாம். "நீங்க போயிக்கிட்டே இருங்கடா, நான் எங்கயாச்சும் வந்து பிடிச்சுக்கிறேன்" என்றான். சரி, உப்பூர் வரை போவோம், அங்கே நிற்போம் என்று கிளம்பினோம். திருவாடானை வழியாகக் கிழக்கே போகப் போக வயல் குறைந்து பனையும் சீமைக்கருவேலமும் கூடும். காற்றில் உப்பு வாடை வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உப்பூரில் இருப்பவர் வெயிலுகந்த விநாயகர். என்ன பேர் பாருங்கள். வெயிலை உகந்தவர்! நிழலுக்கு ஏங்கும் இந்த ராமநாதபுரச் சீமையில், வெயிலைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் பிள்ளையாரை வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர்கள். சூரியன் வந்து வணங்கிய தலம் என்பார்கள். இலங்கைக்குப் புறப்பட்ட ராமரும் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது இந்தக் கடற்கரை முழுக்க நம்பும் கதை.

நாங்கள் ஏழரைக்கே தேங்காய் உடைத்து முடித்துவிட்டோம். செந்தில் வந்து சேர்ந்தபோது மணி பத்தேமுக்கால். மூன்று மணி நேரம். கருப்பையாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தேவிபட்டினம் போயி இருப்போம், அங்க வரட்டும்" என்று இரண்டு தடவை எழுந்தான். அழகப்பன்தான் நகரவில்லை. "அவன் அப்பா சாவுக்குத்தான் போகல. இதுக்காச்சும் இருப்போம்டா" என்றான். பிறகு யாரும் பேசவில்லை. வெளியே பனங்கிழங்கு வாங்கி, நாரை உரித்து உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். செந்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "எதுக்குடா காத்துக்கிட்டு இருந்தீங்க" என்று கேட்டபடியே அழகப்பன் கையைப் பிடித்தவன், உள்ளே சன்னதி வரைக்கும் விடவில்லை. இன்னொரு தேங்காய் வாங்கி உடைத்தோம்.

திருப்பாலைக்குடியைத் தாண்டி தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல். நவபாஷாணம் என்பது அதுதான். கரையிலிருந்து நடந்துபோகப் பாதை கட்டியிருக்கிறார்கள். ராமர் தம் கையால் கடல் மண்ணில் நவக்கிரகங்களைப் பிடித்து வைத்து வணங்கினார், சனி தோஷம் நீங்கியது என்பது தலக்கதை. பூசைக்கு அலை இடைஞ்சல் செய்யாமல் இருக்க அவர் கேட்டுக்கொண்டாராம், கடலும் அடங்கிவிட்டதாம். கரையில் அந்தப் பேரிலேயே கடலடைத்த பெருமாள் இருக்கிறார். இன்றைக்கும் அங்கே கடல் குளம் மாதிரிதான் கிடக்கிறது. இந்தப் பக்கத்து மீனவர்கள் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடலில் அலை அடிக்காது.

இடுப்பளவு தண்ணீரில் கல்லைச் சுற்றி வந்து நவதானியம் போட்டோம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கட்டிய துணியை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு வரும் பழக்கம் வேண்டவே வேண்டாம். காலில் சுற்றிக்கொள்வது முழுக்க யாரோ விட்ட வேட்டியும் சேலையும்தான். ராமர் மண்ணால் பிடித்து வைத்து வணங்கிய இடத்தில் நாம் அழுக்கு மூட்டையைப் போட்டு வருவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

ராமநாதபுரத்தில் சாப்பாடு. மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் ஊருக்குள் கொஞ்ச நேரம் படுத்தோம். உத்தரகோசமங்கை பக்கம்தான் என்று கருப்பையா ஆசைப்பட்டான். வேண்டாம் என்றேன். மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனத்துக்குள் இருந்து, மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் சந்தனம் களைந்து காட்சி தருகிறவர். அவரைப் போகிற போக்கில் பார்க்கக் கூடாது. அதற்கென்று ஒரு திருவாதிரைக்கு வருவோம்.

மாலையில் திருப்புல்லாணி. ராமநாதபுரத்துக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதிஜெகந்நாதர். பிள்ளை வரம் வேண்டித் தசரதர் இங்கே வந்து வணங்கினார் என்பார்கள். அதனால் இங்கே பால் பாயசம் விசேஷம். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது தர்ப்பசயன ராமர் சன்னதிதான்.

பெருமாள் படுத்திருப்பதை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். பாம்பணை மேல், காலடியில் தாயார், உந்தியில் பிரமன். அது உலகத்தையே ஆளுகிறவரின் உறக்கம். இங்கே படுத்திருப்பவர் ராமர். கீழே இருப்பது தர்ப்பைப் புல். பக்கத்தில் சீதை இல்லை. எப்படி இருப்பாள்? அவள்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே. வழி விடு என்று கடலரசனைக் கேட்டுவிட்டு, அவன் வரும்வரை புல்லில் படுத்துக் கிடந்த ராமர் இவர். வால்மீகி மூன்று இரவு என்கிறார். கம்பர் ஏழு நாள் என்கிறார். எந்தக் கணக்கை எடுத்தாலும் கடலரசன் வரவில்லை. வில்லை எடுத்த பிறகுதான் வந்தான். தேவிபட்டினத்தில் கேட்டதும் அடங்கிய கடல், கொஞ்சம் தெற்கே வந்ததும் பதிலே சொல்லவில்லை.

திருமங்கையாழ்வார் இந்தத் தலத்துக்கு இரண்டு பதிகம் பாடியிருக்கிறார். இரண்டுமே நாயகி பாவத்தில். தலைவன் வரவில்லை, மனசு புல்லாணியையே சுற்றுகிறது என்று ஒரு பெண்ணாக நின்று உருகுகிறார். பனைமரமும், அதில் துணையைத் தேடிக் கூவும் அன்றிலும் அதில் வரும். வெளியே வந்து பார்த்தால் அதே பனைதான் இன்றும் நிற்கிறது. ராமர் காத்துக் கிடந்த ஊரில் ஆழ்வாரும் காத்திருக்கும் குரலில்தான் பாட வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. உப்பூரில் நாங்கள் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. இருந்தாலும் அந்தச் சன்னதியில் நிற்கும்போது அது வீணான நேரமாகத் தெரியவில்லை.

செந்தில் அங்கிருந்து நகரவே இல்லை. அர்ச்சகர் தீபாராதனை காட்டித் துளசி கொடுத்த பிறகும் நின்றான். பக்கத்துச் சன்னதியில் பட்டாபிராமர். அங்கே சீதை இருக்கிறாள். "இங்கன வந்துட்டாக பாரு" என்று அழகப்பன் அவனைத் தோளைத் தொட்டு அழைத்துப்போனான்.

சேதுக்கரைக்கு அங்கிருந்து நாலே கிலோமீட்டர். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர். இது ஆண்கடல். அலை சத்தம் கோயிலுக்குள்ளேயே கேட்கும். பொழுது சாயும் நேரம், கடையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். அணை கட்டத் தொடங்கிய இடம் என்று சொல்லப்படும் அந்த மணலில், பேசாமல் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு செந்தில் சொன்னான்: "அப்பாவுக்கு ஒண்ணுமே சரியாச் செய்யலடா. மூஞ்சியக்கூடப் பாக்க விடல." அதற்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு அக்னி தீர்த்தத்தில் செய்துவிடுவோம் என்று மட்டும் கருப்பையா சொன்னான்.

உச்சிப்புளி, மண்டபம், அப்புறம் பாம்பன். ராத்திரியில் பாலத்தின் மேல் போகும்போது பக்கத்தில் ரயில் பாலத்து விளக்கு. 1914-இல் திறந்த பழைய பாலம் ஓய்ந்து, நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. இந்தச் சாலைப் பாலமே 1988-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கடல் தாண்ட ரயிலோ படகோதான். அப்பத்தா காலத்து யாத்திரை அது.

காலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். உள்ளே ஏற்றிய தீபம் அந்தக் கண்ணாடிக்குள் தெரியும் அந்த ஒரு கணத்துக்காகவே விடியலில் எழுந்திருக்கலாம். பிறகு அக்னி தீர்த்தக் கரை. செந்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்து அப்பா பேரைச் சொன்னபோது குரல் வரவில்லை. புரோகிதர் அவசரப்படுத்தாமல் நின்றார். அவனே மறுபடி சொன்னான். நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் தள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்றோம். 2021-இல் நின்றிருக்க வேண்டியது.

கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கிணற்று விளிம்பில் கால் வைத்து நின்று வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு ருசி. கடைசியாகக் கோடி தீர்த்தம். ஈரத் துணியை மாற்றிக்கொண்டு தரிசனத்துக்கு நின்றோம்.

ராமநாதரை எல்லோருக்கும் தெரியும். இலங்கையிலிருந்து திரும்பிய ராமர் பூசை செய்ய, அனுமனைக் கயிலைக்கு லிங்கம் கொண்டுவர அனுப்பினார். குறித்த நேரத்துக்குள் அனுமன் வரவில்லை. சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்குப் பூசை முடிந்தது. பிறகு வந்துசேர்ந்த அனுமன் மனம் நொந்து நிற்க, ராமர் அந்த லிங்கத்தையும் பக்கத்திலேயே வைத்து, முதல் பூசை இதற்குத்தான் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதருக்குத்தான் முதல் பூசை. இந்தக் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் வழி முழுக்க ராமர் எத்தனை முறை காத்திருந்தார் என்று பார்த்துவிட்டு வந்து நிற்கும்போது வேறு மாதிரி இருந்தது. தாமதமாக வந்தவன் மனசு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? விஸ்வநாதர் சன்னதி வந்ததும் அழகப்பன் செந்திலைப் பிடித்து எங்களுக்கு முன்னால் நிறுத்தினான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றாமல் வராதீர்கள். 1212 தூண்கள். சேதுவைக் காப்பவர் என்பதையே பட்டப்பெயராக வைத்துக்கொண்ட சேதுபதி மன்னர்கள் கட்டியது. யாத்திரை வருகிறவர்களுக்காக வழியெல்லாம் சத்திரமும் கட்டி வைத்தவர்கள் அவர்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தப் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்கலாம்.

தனுஷ்கோடி பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை. 1964 டிசம்பர் புயல் தின்ற ஊர் அது. இடிந்த தேவாலயச் சுவரையும் ரயில் நிலையச் சுவரையும் பார்த்துக்கொண்டு படம் எடுக்க எங்களில் யாருக்கும் கை போகவில்லை. அரிச்சல்முனையில், பெண்கடலும் ஆண்கடலும் சேரும் இடத்தில், செந்தில் ஒரு கைப்பிடி மணல் அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். சேது மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்ப்பது வழக்கம். "என்னைக்காச்சும் போவோம்டா" என்றான். போவோம் என்றுதான் அவன் சொன்னான். போவேன் என்று சொல்லவில்லை.

உப்பூர் திரும்பும்போது ராத்திரி ஒன்பது தாண்டிவிட்டது. கோயில் நடை சாத்தி, தெரு அடங்கியிருந்தது. கருப்பையா காரை ஓரங்கட்டினான். வாசலில் நின்று, கற்பூரம் ஏற்றி, மூடிய கதவைப் பார்த்து நாலு பேரும் குட்டிக்கொண்டோம்.

"நீ சொல்லுடா" என்றேன் செந்திலிடம்.

"போயிட்டு வந்துட்டோம் சாமி, நாலு பேரும்" என்றான் அவன்.