ஏரி யாருடையது என்று தெரியாமல் அறிக்கை எழுதக் கூடாது

நகரத் திட்டமிடலில் முதுகலை முடித்துச் சுற்றுச்சூழல் கொள்கைப் பணிக்கு வருகிறவர்களின் முதல் அறிக்கைகளில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். ஏரி என்றாலே 2017 ஈரநில விதிகளைக் காட்டிவிடுவார்கள். பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகள் அந்த விதிகளின் வரையறைக்குள் வருவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு மேலிருந்து தண்ணீர் அனுப்பும் ஏரிகளோ பெரும்பாலும் வயலுக்காகக் கரை கட்டியவை. அவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பொதுப்பணித்துறை வசமிருந்த ஏரிகளுக்குத்தான். கிராமப்புறத்தில் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு.

அதனால் சட்டப் புத்தகத்துக்கு முன்னால், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் புரட்டுங்கள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால் என்று எந்தப் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எஃப்எம்பி எனும் புல அளவை வரைபடத்தை மாஸ்டர் பிளானோடு எண் எண்ணாக ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் காணாமல் போயிருப்பது வாய்க்கால்தான். படத்தில் மெல்லிய கோடாக இருப்பதால், மனைப்பிரிவு போடும்போது முதலில் அதுதான் சாலையாகிறது. செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைபடத்தைப் பொருத்தும்போது, இரண்டிலும் ஒரே இடமென்று அடையாளம் காணும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நாலு மூலையிலும் நடுவிலும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே சாலையோரத்தில் எடுத்தால் எதிர்க்கரை பல மீட்டர் நகர்ந்துவிடும். ஆக்கிரமிப்பில் இல்லாத வீடும் ஆக்கிரமிப்பாகத் தெரியும். ஒரு குடும்பத்தின் கூரை சம்பந்தப்பட்ட விஷயம், அலட்சியம் கூடாது.

கள ஆய்வை மே மாதத்தில் முடித்துவிட்டு வருவது வீண். நவம்பரில், மழை விட்ட மறுநாள் போங்கள். உபரி நீர் வழியும் கலிங்கின் தலைமட்டம்தான் ஏரியின் முழு மட்டம். மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை வைத்து அதே மட்டத்தைச் சுற்றிலும் குறித்தால் நீர்ப்பரப்பின் உண்மையான எல்லை கிடைக்கும். பிறகு வாய்க்காலோடு நடந்து ஒவ்வொரு சிறுபாலத்தின் அடிமட்டத்தையும் அளக்க வேண்டும். புதிதாகக் கட்டிய பாலத்தின் தளம் வாய்க்கால் தரையைவிட 15 செ.மீ. உயர்ந்திருந்தால் போதும், மேல்பக்கம் தண்ணீர் தேங்கி, பாசி படிந்த கோடு பக்கச் சுவரில் நிற்கும். அந்தக் கோட்டைப் படமெடுத்து அளவோடு இணையுங்கள்.

மண்தரை கான்கிரீட்டானால் வாய்க்காலுக்கு எவ்வளவு கூடுதல் நீர் வரும் என்றும் கணக்கிடுங்கள். மணிக்கு 50 மி.மீ. மழையில், வழிவு கெழு (மழையில் ஓடிவரும் பங்கு) 0.3 உள்ள ஒரு ஹெக்டேர் மண்தரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் 150 கன மீட்டர் ஓடிவரும், 0.9 உள்ள கான்கிரீட்டிலிருந்து 450. கூடுதல் 300 கன மீட்டர் என்றால் 12,000 லிட்டர் லாரியில் 25 லோடு. சிறிய பரப்புக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும், முழு வடிநிலத்துக்குப் போடக் கூடாது. ஆனால் கூட்டத்தில் லோடு கணக்கைச் சொன்னால் வார்டு உறுப்பினர் உடனே கேட்பார்: "அது எந்த வாய்க்கால் வழியாகப் போகும்?" அப்போது சர்வே எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.