தாகத்தை மறைத்த நாட்கள்

இரவு 2 மணி. குளியலறைக் குழாயை மெல்லத் திறந்து, ஓசை வெளியே கேட்காதபடி உள்ளங்கையைக் குழித்து ஏந்திக் குடித்தேன். ஒரு கை, இரண்டு கை என்று எண்ணத் தொடங்கியவன் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அடுத்த அறையில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். காலையில் 1.5 லிட்டர் பாட்டிலை நிரப்பி என் மேசையில் வைப்பவளும், இரவில் அது காலியானதும் நோட்டில் குறித்துக்கொள்பவளும் அவள்தான். அந்த நோட்டின்படி நான் ஒருநாள்கூட அளவை மீறியதில்லை.

எனக்கு இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறையும் நோய், இருப்பது தெரிந்தபோது மூச்சுத்திணறலைப் பற்றிச் சொன்னார்கள், கால் வீக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள், மாத்திரைகளை வேளைவாரியாக எழுதித் தந்தார்கள். தாகத்தைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. வீடு திரும்பும்போது கொடுத்த தாளில், தண்ணீர் நாளொன்றுக்கு 1.5 லிட்டருக்கு மேல் கூடாது என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான்.

வெயிலில் நடந்து வந்தால் எடுக்கும் தாகம் ஒரு டம்ளர் தண்ணீரில் தீர்ந்துவிடும். இது அப்படிப்பட்டதல்ல. குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் வந்து நிற்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் பேசினால் குரல் கம்மும். சோற்றுக் கவளம் தொண்டையில் இறங்காது. யாராவது எதிரே தண்ணீர் குடித்தால் அவர்கள் சொல்வது காதில் விழாது. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை மட்டுமே கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், வெட்கம்தான். நோய் வந்தால் வாயைக் கட்ட வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வாயைக் கட்டத் தெரியாதவன் என்ற பெயரை இந்த வயதில் வாங்க எனக்கு மனமில்லை. அதனால் பகலில் வாயைக் கட்டினேன், இரவில் குழாயைத் திறந்தேன்.

அந்தப் பொய்யின் விலை எனக்குப் பிறகுதான் புரிந்தது. எடை மெல்ல ஏறிக்கொண்டிருந்ததைக் கண்ட மருத்துவர், மகள் நீட்டிய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் அளவு சரியாகத்தான் இருக்கிறது, மாத்திரைதான் போதவில்லை என்று முடிவு செய்தார். சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசெமைடு மாத்திரை 40 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. அவர்மேல் எந்தக் குறையும் இல்லை; அவர் கையில் இருந்த கணக்கே தவறு. கூட்டிய மாத்திரை வாயை இன்னும் வறளச் செய்தது. வறட்சி என்னை இன்னும் குடிக்கவைத்தது. இரண்டே வாரத்தில், 4 நாளில் 3 கிலோ ஏறி, மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தேன். ரத்தத்தில் சோடியம் 129 என்றார்கள். 135க்குக் கீழே போகக் கூடாத ஒன்று அது. உடலில் சேர்ந்த தண்ணீர் அதை நீர்க்கச் செய்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை, இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியர் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "ஐயா, தாகம் எப்படி இருக்கிறது? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்."

நோய் தொடங்கி அதுவரை எவரும் கேட்காத கேள்வி. "9" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை, அழுதுவிட்டேன். அழுது முடித்ததும் குளியலறைக் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். இதயம் தளர்ந்து ரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைந்தால், சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. அது தொடங்கிவைக்கும் வேதிச் சங்கிலியில் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உண்டாகி, மூளையில் தாகத்தைத் தூண்டும் இடத்தைப் போய்த் தட்டுகிறது. வாசோபிரெசின் என்ற இன்னொரு ஹார்மோன், இருக்கும் தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. கணுக்கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்துக் கிடக்கும் அதே வேளையில் மூளைக்குப் போய்ச் சேர்வது வறட்சிச் செய்தி. நான் வாயைக் கட்டத் தெரியாதவன் அல்ல. என் தாகமே நோயின் ஓர் அறிகுறி, வீக்கத்தைப் போல, மூச்சுத்திணறலைப் போல. அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு மனம் லேசாகி உறங்கினேன்.

மறுநாள் மகளிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்கள் குடித்ததுகூடப் பரவாயில்லை, அப்பா. என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு நான் காவல்காரி ஆகிவிட்டேனா?" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பியதும் நோட்டை நானே கையில் எடுத்துக்கொண்டேன். நேரம், குடித்த அளவு, அவற்றோடு தாகத்தின் எண் என மூன்றாவது பத்தி. அந்த மூன்றாவது பத்திதான் வழி காட்டியது. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தபோது தாகம் நாள் முழுவதும் ஒரே சீராக இல்லை என்பது தெரிந்தது. மூன்று வேளைகளில் அது உச்சத்துக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் இருந்தது.

பின்மதியம் 3 மணித் தாகத்துக்குக் காரணம் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலே தாகம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லாப் பழியையும் இதயத்தின்மேல் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் பரிசோதித்தால் அளவு உயர்ந்திருந்தது. சர்க்கரை மருந்தை மருத்துவர் சரிசெய்த பிறகு 7 என்று எழுதிய இடத்தில் 4 என்று எழுதினேன்.

இரவுத் தாகத்துக்கு இரண்டு மூன்று முடிச்சுகள். செவிலியர் முதலிலேயே கேட்டிருந்தார்: "உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா, வாய் ஈரமானால் போதுமா?" வாய் வறட்சியும் தாகமும் ஒன்றல்ல என்பது எனக்குப் புதிய செய்தி. ஒருநாள் இரவு குளிர்ந்த தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் காத்திருந்தேன். தாகம் பாதிக்கு மேல் அடங்கியது. அப்படியென்றால் இரவில் எனக்கு வந்ததில் பெரும்பகுதி வாய் வறட்சிதான். மூக்கடைப்பால் வாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மூக்கடைப்புக்காக நானே வாங்கி விழுங்கிவந்த ஒவ்வாமை மாத்திரை உமிழ்நீரைக் குறைக்கும் வகை. படுக்கப் போகும்முன் வாய் கொப்பளிக்கும் திரவத்தில் ஆல்கஹால் இருந்தது, அதுவும் வாயை உலர்த்தும். மருத்துவரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினேன், திரவத்தை மாற்றினேன், உதட்டுக்குக் களிம்பு பூசினேன். இத்தனை மாதம் நான் குழாயடிக்கு எழுந்து போனதற்கு இந்தச் சின்னஞ்சிறு காரணங்களும் இருந்தன என்பதை நினைத்தால் மனம் இப்போதும் கனக்கிறது.

மூன்றாவது வேளை உப்பினால் வந்தது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் தின்பண்டம் தின்ற மாலைகளில் எண் 9க்கு ஏறியது. உப்பு கூடினால் ரத்தம் செறிவாகும். அதை நீர்க்கச் செய்ய மூளை தண்ணீர் கேட்கும். உப்பை விட்டுவைத்துத் தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்துவது ஓட்டைப் பானையில் நீர் சுமக்கிற கதைதான். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொன்னார்கள். முதல் பத்து நாள் எதுவும் ருசிக்கவில்லை, பிறகு நாக்கு பழகியது, தாகமும் இறங்கியது. ஓர் எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் மாற்று உப்பை நான் வாங்க இருந்தேன். அவற்றில் பலவற்றில் இருப்பது பொட்டாசியம். பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும் என்று செவிலியர் தடுத்தார்.

காரணங்களைக் களைந்த பிறகும் மிஞ்சிய தாகத்தோடு வாழப் பழகியது தனிக் கதை. பெரிய டம்ளரை எடுத்து வைத்துவிட்டு 60 மில்லி பிடிக்கும் சிறு குவளைக்கு மாறினேன். குளிர்ந்த தண்ணீர் வெதுவெதுப்பானதைவிட விரைவாகத் தாகம் தணிக்கிறது. குடித்தது ரத்தத்தில் கலக்கும் முன்பே, வாயும் தொண்டையும் அனுப்பும் சேதியிலேயே மூளை சற்று அடங்குகிறது. ஆகவே கொஞ்சமாக, குளிர்ச்சியாக, வாயில் வைத்திருந்து விழுங்கினேன். பனிக்கட்டிதான் எனக்கு மிகவும் கைகொடுத்தது. அதுவும் கணக்கில் வரும் என்பதால் உருக்கி அளந்து பார்த்தேன்: என் தட்டில் ஒரு கட்டி 15 மில்லி. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வது உமிழ்நீரைச் சுரக்கவைத்தது. எலுமிச்சை பலருக்கு உதவும் என்கிறார்கள், வெடித்திருந்த என் நாக்கில் அது எரிந்தது, விட்டுவிட்டேன். எட்டு மாத்திரைகளைத் தனித்தனியே விழுங்குவதிலேயே 200 மில்லி போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டோடு எடுக்கக்கூடியவற்றைச் சாப்பாட்டு நேரத் தண்ணீரோடு சேர்த்ததில் மிச்சமானதை இரவுக்கு ஒதுக்கினேன். தேநீர், பால், சூப் எல்லாமே தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

மூன்று மாதம் கழித்து, மருத்துவரிடம் ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போனேன்: 1.5 லிட்டர் என்ற வரம்பு எனக்கு இன்னும் தேவையா? அவர் நோட்டை முழுக்கப் படித்தார். சோடியம் 137, கால் வீக்கம் இல்லை, எடை அசையவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். நிலையாக இருந்த 504 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு 1.5 லிட்டர் வரம்பு, மறு பாதியினருக்கு வரம்பே இல்லை. மூன்று மாத முடிவில் உடல்நிலை மதிப்பெண்ணில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. வரம்புக்குள் இருந்தவர்கள்தான் தாகத்தால் கூடுதலாக அவதிப்பட்டார்கள். "ஆனால் இது வீக்கத்தோடும் குறைந்த சோடியத்தோடும் வருகிறவருக்குப் பொருந்தாது. மருத்துவமனையில் சேர்ந்தபோது நீங்கள் இருந்த நிலைக்கு அந்த வரம்பு வேண்டும்" என்றும் அழுத்திச் சொன்னார். எனக்கு 2 லிட்டர்வரை அனுமதித்தார். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும்முன் எடை பார்க்க வேண்டும், 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே அழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோட்டில் இருந்தது உண்மையாக இல்லாவிட்டால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறவர்கள், தாகம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த ஒரு கேள்வி எனக்கு நான்கு மாதம் முன்பே வந்திருக்கலாம்.

தாகம் போய்விடவில்லை. பெரும்பாலான நாட்களில் 3, 4. சில இரவுகளில் இன்னும் கடுமையாக வரும். நேற்றும் 2 மணிக்கு விழித்துக்கொண்டேன். விளக்கைப் போட்டு நோட்டில் 7 என்று எழுதினேன். வாய் கொப்பளித்தேன். இரண்டு பனிக்கட்டி, 30 மில்லி. அடுத்த அறையிலிருந்து, "எத்தனை, அப்பா?" என்று குரல் வந்தது. சொன்னேன். அரை மணி கழித்து 4 என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.