பி.பி.எட்.டா, ஸ்போர்ட்ஸ் சயின்ஸா? முதலில் ஒரு பீப் டெஸ்ட் எடுங்கள்

ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் வகுப்புக்கு நிறைய பேரைக் கூட்டி வருவது மைதானத்தின் மேல் உள்ள பிரியம். உடல் அசைவையும் விசையையும் அளக்கும் பயோமெக்கானிக்ஸ் கணக்கு வரும்போது அந்தப் பிரியம் கைகொடுப்பதில்லை. அரியர் விழுந்தால் உடனே சோம்பேறி என்பார்கள். பல நேரம் அது உண்மையில்லை. ஆடப் பிடிப்பது வேறு, ஆட்டத்தை அளக்கப் பிடிப்பது வேறு.

உங்களுக்கு எது பிடிக்கும் என்று பார்க்க, ஜூனியர் பசங்க பத்துப் பேருக்கு 20 மீட்டர் பீப் டெஸ்ட் எடுங்கள். 20 மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டு கோட்டுக்கு நடுவே, ஒவ்வொரு பீப் ஒலிக்குள்ளும் மறு கோட்டை எட்டும்படி மாறி மாறி ஓடுவதுதான் அது. தூரத்தை டேப் வைத்து அளக்கவும்; கயிறு இழுபடும், அரை மீட்டர் கூடினாலே முடிவு கெட்டுவிடும். பரவலாக உள்ள முறையில் மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு லெவலாக வேகம் 0.5 கி.மீ. ஏறும். அடுத்தடுத்து இரண்டு முறை பீப்புக்குள் கோட்டுக்கு வராதவர் அவுட். ஒருத்தன் நின்றால், மூச்சு மிச்சமிருந்தும் அவன் கூட்டாளியும் நின்றுவிடுவான். அதனால் நண்பர்களை வேறு வேறு பேட்சில் விடுங்கள். சில நாள் கழித்து அதே தரையில், அதே நேரத்தில், அதே பசங்களை மறுபடி ஓடவிடுங்கள்.

ஒவ்வொருவரும் எட்டிய லெவல் இரண்டு நாளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எக்செல்லில் குடையத் தோன்றினால் உங்களுக்கு லேப், பெர்ஃபார்மன்ஸ் அனாலிசிஸ் (ஆட்டத்தை எண்களால் அலசுவது). நின்ற பையனை இன்னும் ஒரு லெவல் ஓடவைக்கக் கை பரபரத்தால் கோச்சிங். இரண்டுமே தோன்றவில்லையா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு முயலுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. எம்.எஸ்சி.க்கு மட்டும் காசைக் கொட்டாதீர்கள்.

பட்டத்தின் பெயரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பி.பி.எட். என்பது என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிப்படி நடக்கும் இரண்டு வருட உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி. பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் அப்படியல்ல; அதை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளியில் பி.டி. சார் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேராதீர்கள். கல்லூரி வேலை என்றால் முதுகலையோடு, உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) எழுத வேண்டும். நெட்டில் மொத்தம் 300 மதிப்பெண், அதில் 100 பொதுத்தாளுக்கு. நம் பாடத்தையே உருப்போட்டுவிட்டுப் பொதுத்தாளில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். கோச் ஆவதற்கு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோவுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. வீரர்களின் உடல் வலுவைக் கூட்டும் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் பக்கம் போனால், அதற்கான அமெரிக்கச் சான்றிதழ் தேர்வு சி.எஸ்.சி.எஸ்.; அதற்குப் பட்டத்தோடு சி.பி.ஆர். (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்றிதழும் கேட்பார்கள்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், நீங்கள் போக நினைக்கும் வேலைக்குக் கடைசியாக வந்த அறிவிக்கையை எடுத்து, அதன் கல்வித் தகுதி வரியையும் கல்லூரி தரும் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.