நாக்கை நீட்டிய பத்து விநாடி

என் தாய்மாமாவுக்கு, மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருப்பாதிரிப்புலியூரில் தையற்கடை வைத்திருந்தவர் அவர். முதலில் கத்தரிக்கோல், துணியில் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டிலிருந்து விலகத் தொடங்கியது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோளும் பாதமும் தாமாக அசைந்தன. முதலில் பார்த்த மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று கடைத்தெருவில் பேசியவர்களும் உண்டு. காலையில் காபியைத் தவிர வேறெதையும் தொடாத மனிதரை!

அறிக்கையில் இருந்த எண் 43. நான்காம் குரோமோசோமில் உள்ள ஹண்டிங்டின் மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு அது. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஆயுள் இருக்கும்பட்சத்தில் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். இந்த மரபணு 1993-இல் கண்டறியப்பட்டதிலிருந்து எண்ணுவது எளிதாகிவிட்டது. ஆனால் நோய் இன்று எந்த இடத்தில் நிற்கிறது, அடுத்த ஆண்டு எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அந்த எண்ணிடம் பதில் இல்லை.

அதற்காகத்தான் பயோமார்க்கர்களை, அதாவது நோயின் போக்கை உடலில் அளந்து காட்டும் அடையாளங்களை, தேடுகிறார்கள். நரம்பிழையை உள்ளிருந்து தாங்கும் சட்டகத்தில் நியூரோஃபிலமென்ட் லைட் என்றொரு புரதம் உண்டு. இழை சிதையும்போது அது மூளைத் தண்டுவட நீருக்கும், அங்கிருந்து மிகச் சிறிய அளவில் இரத்தத்துக்கும் கசிகிறது. அதை அளக்கும் அலகு பிகோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. நோய் தொடங்குவதற்குச் சராசரியாக 24 ஆண்டுகள் இருப்பதாகக் கணிக்கப்பட்ட இளைஞர்களிடம்கூட, அவர்களுடைய சிந்தனைத் திறனில் குறையேதும் தெரியாதபோதே, தண்டுவட நீரில் இந்தப் புரதம் உயர்ந்திருந்ததை லண்டன் ஆய்வொன்று 2020-இல் காட்டியது. ஆனால் வயது கூடினாலும், பக்கவாதம் வந்தாலும், தலையில் அடிபட்டாலும் இது உயரும்; ஆகவே ஒரு குழுவைப் பற்றித் தெளிவாகப் பேசும் இந்த அளவு, தனி மனிதர் ஒருவரைப் பற்றித் தயங்கித்தான் பேசுகிறது. 2022-இல் ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்ட, இந்த நோயின் நிலைப் பகுப்பிலும் முதல் நிலைக்கு அடையாளமாக வைக்கப்பட்டது இரத்த அளவு அல்ல. மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், புடாமென் பகுதிகள் எம்.ஆர்.ஐ. படத்தில் சுருங்கியிருப்பதே.

மாமாவுக்கு நடப்பது இவற்றைவிடப் பழைய முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கன்னியக்கோயில் வழியாகப் பேருந்தில் புதுச்சேரிக்குப் போகிறோம். நரம்பியல் மருத்துவர் நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து விநாடி தாங்க வேண்டும். சென்ற முறை நான்காம் விநாடியில் நாக்கு உள்ளே போய்விட்டது. பிறகு கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டச் சொல்லி ஐந்து விநாடிக்கு எத்தனை என்று எண்ணினார். வீடு திரும்பியதும் இரண்டையும் மாமாவின் பழைய அளவு நோட்டில், மார்பளவும் கைநீளமும் எழுதியிருந்த பக்கங்களுக்குப் பின்னால், தேதியோடு குறித்தேன்.

அவருடைய தங்கையான என் அம்மா பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அதே மரபணு மாற்றம் தனக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவருடைய உரிமை என்றே நினைக்கிறேன். மாமா நாக்கை நீட்டியபோது அம்மாவும் பக்கத்து நாற்காலியில் வாயைப் பொத்தியபடி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.