ஒரு மணி நேரந்தானாம்!

எல்லாவற்றுக்கும் காரணம் மேல் லயத்து, அதாவது மேட்டு வரிசை வீட்டு, மாமாதான். அவர் கைக்கு ஃபோன் வந்த நாளிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நிம்மதியாக எங்கேயும் போக முடிவதில்லை. உப்பு வாங்கப் போனாலும் எத்தனை கிலோமீற்றர் என்று சொல்லித்தான் அனுப்புவார்.

பெரியம்மா பேத்தி கல்யாணத்துக்கு அம்மா திருச்சி போகிறார் என்றதும் ஃபோனைத் தேய்த்தார். "கட்டுநாயக்கா ஏர்போட்டுல இருந்து 400 சொச்சம் கிலோமீற்றர். ஒரு மணி நேரந்தான் தங்கச்சி. வெத்தல போட்டுத் துப்புறதுக்குள்ள எறங்கிருவீங்க."

"துப்புறதுக்கு அங்க எடம் இருக்காண்ணே?"

அதற்கு மட்டும் ஃபோனில் பதில் இல்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரமே வேதம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சொன்னார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் சொன்னார், மாரியம்மனிடமும் சொல்லியிருப்பார். ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குக் கோச்சியில், ரயிலில்தான், போவதே அதைவிட நேரமாகும் என்று ஊரே கணக்குப் போட்டது. கடிகாரத்தை மாற்ற வேண்டுமா என்று இன்னொரு கவலை. 2006இலிருந்து இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரே நேரம்தான் என்று நான் சொல்லி நம்பவில்லை. மாமா சொல்லித்தான் நம்பினார்.

காலை 9 மணி பிளேனுக்கு இரவு 12 மணிக்கு வேன். சண்டை அங்கே தொடங்கியது. "ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னாடி கெளம்புற கூத்து எங்கடா நடக்கும்?" அந்த ஒரு மணி நேரம் ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையில்தான், ஓடுபாதையில் யாரும் லயம் கட்டிக் குடியிருக்கவில்லை என்றேன். எடுபடவில்லை. கினிகத்தேனையில் பனி, முன்னால் ஒரு லொறி. கித்துல்கலை வருவதற்குள் அம்மா இரண்டு பைகளை நிரப்பிவிட்டார். வாந்திப் பைகளைச் சொல்கிறேன். தேயிலைத்தூள் பை தனி, ஐந்து கிலோ, இந்தியாவில் தேயிலையே முளைக்காத மாதிரி.

உள்ளே போகும்போது கட்டளை: "எறங்கி கோல் எடுக்குற வரைக்கும் எவனும் நகரக்கூடாது." சரி, ஒரு மணி நேரம்தானே? 9 ஆனது, 10 ஆனது, 11 ஆனது. வேன்காரர் முறைக்க, கிளம்பிவிட்டோம். அவிசாவளை தாண்டித்தான் கோல் வந்தது. அங்கே வரிசையில் நின்றாராம், சிம் இல்லையாம், அதைவிட, பெல்ட்டை மாட்டத் தெரிந்துகொள்வதற்குள் கழற்றச் சொல்லிவிட்டார்களாம். நாங்கள் வீடு திரும்பியபோது மணி மூன்று. அம்மா பெரியம்மா வீட்டு வாசலை மிதித்ததும் மூன்றுக்குத்தானாம்!

மாமாவிடம் நாலு வார்த்தை கேட்டே ஆக வேண்டும் என்று மேல் லயத்துக்கு ஏறினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியம்மாவைப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அழ அழ ஏற்றிப்போன ஒப்பாரிக் கோச்சி; பெரியம்மா தலைமன்னாருக்குப் போன அதே கோச்சியில்தான் மாமாவின் அண்ணனும் போனார். அப்புறம் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"கோத்தகிரின்னு அடி. திருச்சியில இருந்து எவ்வளவு நேரம்னு பாரு. எனக்கு அந்த எழுத்து வரமாட்டேங்குது."

அடித்தேன். எங்கள் தோட்டத்து சிக்னல் தெரியும்தானே, சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றி முடிப்பதற்குள் மாமா ஒரு வெற்றிலை போட்டுத் துப்பியும் விட்டார்.