மைக் வாங்கிய கதையும் ஓடிபி கேட்ட கதையும்: நகராட்சிக்கு வீடியோ எடுத்த அனுபவம்

எங்கள் நகராட்சியின் யூடியூப் சேனலுக்கு டெங்கு பற்றியும் குப்பை தரம் பிரிப்பது பற்றியும் வீடியோ போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. வழக்கம்போல அது சுகாதாரப் பரப்புரையாளர்களான எங்கள் தலையில் விழுந்தது. கையில் இருந்தது என் சொந்த ஆண்ட்ராய்டு போனும் ஓர் இலவச எடிட்டிங் செயலியும்தான். இன்று வீடியோக்கள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வருகின்றன. அதுவரை பட்ட பாட்டை எழுதி வைத்தால், வேறு ஊர் நகராட்சியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதே வேலையில் மாட்டியவர்களுக்கு உதவும்.

ஆரம்பத்தில் அலுவலகம் முழுக்க ஒரே பேச்சு, "நல்ல கேமரா இல்லாம என்ன வீடியோ?" டி.எஸ்.எல்.ஆர் கேமரா வாங்கக் கோப்பில் குறிப்பு வைத்தார்கள். கணக்குப் பிரிவில் "ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் வரும்" என்று திருப்பிவிட்டார்கள். நல்லதுதான் செய்தார்கள். போன் கேமராவில் படம் தெளிவாகத்தான் இருந்தது. பேச்சுதான் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பேச்சு புரியாவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே கேமராவுக்குக் குறிப்பு வைக்காதீர்கள், மைக்குக்கு வையுங்கள். சட்டையில் மாட்டும் காலர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சில்லறைச் செலவிலேயே முடிந்துவிடும்.

அதிலும் ஒரு வம்பு வந்தது. ஸ்டோர் பிரிவில் வாங்கிக் கொடுத்த மைக்கைப் போனில் செருகினால் ஒன்றுமே பதிவாகவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், "எல்லா போனுக்கும் செட் ஆகும் மேடம், உங்க போன்லதான் பிரச்சினை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைக் பின்னைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள், உலோகத்தின் மேல் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் என்றால் அது கேமராவுக்கானது. மூன்று வளையம் இருந்தால்தான் போனில் வேலை செய்யும். சில மைக்குகளில் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். டைப்-சி மட்டும் உள்ள போனுக்கு அடாப்டர் வேண்டும். மலிவான அடாப்டர்கள் எல்லா போனிலும் எடுபடுவதில்லை. போனைக் கடைக்கே கொண்டுபோய், பேசிப் பதிவு செய்து, இயர்போனில் கேட்டுப் பார்த்த பிறகுதான் பில் போடச் சொல்ல வேண்டும். பில் போட்ட பிறகு யாரும் உங்களை மதிக்க மாட்டார்கள்.

அடுத்தது இடம். மன்றக் கூட்ட அரங்கம் பார்க்க அழகு, ஆனால் பேசினால் எதிரொலி. மின்விசிறியை நிறுத்தியும் சரிவரவில்லை. கடைசியில் பொருத்தமாக அமைந்தது பதிவறை! சுவர் முழுக்கப் பழைய கோப்புக் கட்டுகள் அடுக்கியிருப்பதால் எதிரொலி சுத்தமாக இல்லை. தும்மல்தான் வரும். மைக்கை முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுச் சேலை, மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை என்றால் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததில் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. போன் கெட்டுவிட்டது என்றார்கள், கெடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் கேமராவின் ப்ரோ வீடியோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைத்தால் கோடு போய்விடும். அந்த வசதி போனில் இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்துங்கள்.

ஜன்னலுக்கு எதிரே என்றால் முகம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், முதுகு அல்ல. இதைப் புரியவைக்கத்தான் பெரும்பாடு. அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் பெரிய ஜன்னல், நாற்காலியை நகர்த்தக் கூடாது என்று உதவியாளர் ஒற்றைக் காலில் நின்றார். வீடியோவில் அதிகாரி வெறும் நிழலாகத் தெரிந்தார். தாழ்வாரத்தில் நின்று ஒரே நிமிடம் பேசும்படி அவரிடமே நேராகக் கேட்டோம், உடனே எழுந்து வந்தார். கேட்கப் பயப்படுவது நடுவில் இருப்பவர்கள்தான்.

ஆனாலும் அதிகாரி எழுதி வைத்துப் படித்த உரையை அலுவலகத்தைத் தாண்டி யாரும் பார்க்கவில்லை. பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் அரை நிமிடம் பேசியதைத்தான் வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். "நாப்கினையும் டயப்பரையும் பேப்பர்ல சுத்தித் தனியாக் குடுங்க. பிரிக்கும்போது எங்க கையிலதான் படுது," அவ்வளவுதான் சொன்னார். சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். விதியைச் சொல்லி நாங்கள் போட்ட வீடியோவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டெங்கு வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது கொசுப்புழு ஷாட். ஒரு வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் இருந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தோம். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாலருகே இருக்கும் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. டம்ளர் மேல் கை நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து கீழே இறங்கின. அந்தப் பத்து வினாடியைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அம்மா தட்டைத் தானே கழற்றிக் கழுவினார். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிக் காய்ந்த தொட்டிச் சுவரிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கிறோம் என்று அடுத்த காட்சியில் சொன்னோம். தண்ணீரைக் கொட்டினால் போதும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

எழுத்து போடும்போது இன்னொரு தலைவலி. அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்த வாசகத்தை எடிட்டிங் செயலியில் ஒட்டினால் குப்பை குப்பையாக ஆங்கில எழுத்துகள். பார்த்தால், யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். எந்தப் போனிலும் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, எங்கள் தட்டச்சுப் பிரிவுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையக் கருவிகள் உண்டு, மாற்றியபின் ஒரு முறை படித்துப் பாருங்கள். சில செயலிகளில் கொம்பும் காலும் பிரிந்து தனியே நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றியதும் எங்களுக்குச் சரியானது. எழுத்தைப் பெரிதாக வையுங்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போது பொடி எழுத்துதான் முதலில் அழியும்.

சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். ஒருவர் ஆசையாகச் சேர்த்துவிட்டார், யூடியூபில் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நின்றது. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை ஏராளம்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது சேனல்தான். வீடியோ தயார், ஏற்ற முடியவில்லை. முன்பு இருந்த ஓர் அலுவலர் சேனலைத் தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கியிருக்கிறார், பிறகு மாறுதலில் வேறு மாவட்டம் போய்விட்டார். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் கூட்டத்தில் இருப்பார். வெளியே வந்து எண்ணைச் சொல்வதற்குள் காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்பச் சொன்னால், "நான்தான் ரிலீவ் ஆகிட்டேனே, இன்னும் என்ன?" என்று எரிச்சல். கடைசியில் ஒரு மதிய இடைவேளையில் வீடியோ காலில் பிடித்து, யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் அனுமதிகள் பகுதிக்குப் போகச் சொல்லி, அலுவலக மெயிலை மேலாளராகச் சேர்க்க வைத்தோம். அதற்கு அவர் தன் பாஸ்வேர்டை எங்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை. இது முதலிலேயே தெரிந்திருந்தால் அத்தனை ஃபோனும் மிச்சம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அலுவலக மெயிலில், அலுவலக சிம்மில் தொடங்குங்கள், குறைந்தது இரண்டு பேரை மேலாளராகச் சேருங்கள். யார் மாறுதலில் போனாலும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேனலும் ஒரு வரியாக வர வேண்டும். எங்கள் பிரிவு எழுத்தர் "பாஸ்வேர்டெல்லாம் ஃபைல்ல எழுதக் கூடாது" என்று மறுத்தார், அது நியாயம்தான். மெயில் முகவரி, சிம் யாரிடம் இருக்கிறது, மேலாளர்களின் பதவி இவை மூன்றை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.